பவுடர் டப்பாவின் மூன்று தேதிகள்: போர்க்கால அந்தமானில் தகரத்தை வாசித்தல்

அந்தமானில் மண்ணுக்குள்ளிருந்தோ, பழைய மரவீட்டின் பரணிலிருந்தோ வெளிவரும் ஒப்பனைத் தகர டப்பா ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதிகள் உண்டு. ஒன்று அது செய்யப்பட்ட தேதி. அடுத்தது தீவுக்கு வந்து சேர்ந்த தேதி. மூன்றாவது, யாரோ ஒருவர் அதைக் கைவிட்ட தேதி. பழம்பொருள் சேகரிப்போர் பெரும்பாலும் முதல் தேதியோடு நின்றுவிடுகின்றனர். விலையை முடிவு செய்வது அதுவே. வரலாற்று மாணவருக்கு மற்ற இரண்டுமே கூடுதல் பயனுடையவை. சென்னையிலோ கொல்கத்தாவிலோ இம்மூன்றும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அந்தமானில் அவை விலகி நிற்கின்றன. அவ்விலகலின் காரணம் தீவுகளின் போர்க்கால வரலாற்றிலேயே இருக்கிறது.

1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பதினைந்து நாள் கழித்து, மார்ச் 23 அன்று, ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. ஐரோப்பிய அதிகாரிகளில் மிகப் பலரும் காவற்படையும் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டிருந்தனர். கொல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய துறைமுகங்களிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு அந்த வாரத்தோடு நின்றது. ஆக்கிரமிப்பு 1945 அக்டோபரில் போர்ட் பிளேரின் ஜிம்கானா மைதானத்தில் நடந்த சரணடைவு வரை நீடித்தது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் தீவுக்குள் சரக்கு கொண்டுவந்தவை ஜப்பானியக் கப்பல்களே. நேசநாட்டு நீர்மூழ்கிகளும் விமானங்களும் கடல்வழியை நெருக்கியபின் அவையும் அருகின. ஆகவே 1942 மார்ச்சும் 1945 அக்டோபரும் தீவின் பொருள்வழி வரலாற்றில் இரு கோடுகளாக நிற்கின்றன. ஒரு டப்பா எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதே கேள்வி.

கோடு முழுமையானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1943 ஜனவரியில் முன்னாள் காவல்துறை அதிகாரி மெக்கார்த்தி, இலங்கையிலிருந்து டச்சு நீர்மூழ்கி ஒன்றில் வந்து, சிறு குழுவுடன் அந்தமானில் இரகசியமாக இறங்கினார். 'பால்ட்ஹெட்' என்னும் பெயரில் நடந்த அந்நடவடிக்கை ஆக்கிரமிப்புக் காலத்திலேயே பிரித்தானியப் பொருள்களைத் தீவின் காட்டுக்குள் கொண்டுவந்தது. எனவே காட்டுப்பகுதியில் கிடைக்கும் பிரித்தானிய டப்பாவுக்கு 1942 மார்ச் தானாகவே மேலெல்லை ஆகிவிடாது.

ஜப்பானிய எழுத்துள்ள டப்பாக்களையே முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. குழப்பம் அதிகம் இருப்பதும், மொழிச் சான்று கூடுதலாக உதவுவதும் அங்கேதான்.

ஜப்பானிய எழுத்து இருந்தால் ஆக்கிரமிப்புக் காலப் பொருள் என்று உடனே முடிவு கட்டுவது வழக்கமாகிவிட்டது. அது தவறான முடிவாகக்கூடும். 1930களில் ஜப்பானின் மலிவுச் சரக்கு இந்தியச் சந்தை முழுவதும் பரவியிருந்தது. சோப்பு, சீப்பு, கண்ணாடி வளையல், செல்லுலாய்டு பொம்மை எனக் கடைத்தெருவில் ஜப்பானியப் பொருள் இல்லாத கடை அரிது. 1941 ஜூலையில் பிரித்தானியா ஜப்பானின் சொத்துகளை முடக்கியபோதுதான் அவ்வணிகம் முடிவுக்கு வந்தது. போதாததற்கு, 1930களில் ஜப்பானிய சிப்பிப் படகுகளும் அந்தமான் கடலில் நடமாடின. ஆக, ஜப்பானிய டப்பா தீவுக்கு வரக் குறைந்தது மூன்று வழிகள் இருந்தன: இந்தியக் கடைச்சரக்காக, சிப்பி எடுப்போரின் கைப்பையில், படையோடு.

இவ்வழிகளைப் பிரித்தறிய உதவுவது, டப்பா எந்த வாசகருக்காக எழுதப்பட்டிருக்கிறது என்னும் கேள்வி. ஏற்றுமதிச் சரக்கு தன் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும். வணிகக் குறிகள் பற்றிய 1889ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், வாங்குபவரை மயக்கக்கூடிய பெயரோ குறியோ தாங்கிவரும் அயல்நாட்டுப் பொருளில் உற்பத்தி நாட்டைக் குறிப்பிடச் செய்தது. 'மேட் இன் ஜப்பான்' என்ற ஆங்கிலத் தொடர் அவ்வகைச் சட்டங்களின் பிள்ளை. உள்நாட்டு வாசகருக்கான டப்பாவில் அத்தொடருக்கு வேலையில்லை. ஓசாகாவில் கடைக்குப் போகும் ஒருவருக்குத் தம் பல்பொடி ஜப்பானில் செய்யப்பட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனவே முழுதும் ஜப்பானிய மொழியிலேயே எழுதப்பட்டு, நாட்டுப்பெயர் இல்லாத டப்பா, ஒரு ஜப்பானியரின் மூட்டையில் வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. அதில் விலைக்குறி இருந்தால் ஐயம் மேலும் குறைகிறது.

அந்த விலைக்குறி தனிக் கதை. 1939 செப்டம்பர் 18இல் நிலவிய அளவிலேயே விலைகளை நிறுத்திவைத்தது ஜப்பானிய அரசு. அதன்பின் பொருள்களின்மேல் வட்டத்துக்குள் ஒற்றை எழுத்தாக முத்திரைகள் தோன்றின. 'நிறுத்தம்' என்று பொருள்படும் 'தெய்' எழுத்து, நிறுத்திவைக்கப்பட்ட விலையைக் காட்டியது. 'கோ' எனப்படும் எழுத்து அரசு விதித்த விலையையும், 'கியோ' எனப்படும் எழுத்து உற்பத்தியாளர் உடன்பட்டு ஒப்புதல் பெற்ற விலையையும் காட்டின. நகம் அளவே இருக்கும் இவ்வட்டங்கள் டப்பாவின் அடியிலோ ஓரத்திலோ இருக்கும். துரு படிந்த தகரத்தில் கண்ணுக்கு எளிதில் அகப்படா. அகப்பட்டால் 1939 செப்டம்பருக்கு முன் அந்த அச்சு இல்லை என்று உறுதியாகக் கூறலாம். விலைக்கட்டுப்பாடு போருக்குப் பிறகும் தொடர்ந்ததால் மேலெல்லையை அம்முத்திரை தராது. ஆனால் அந்தமானைப் பொறுத்தவரை மேலெல்லையை வரலாறே தந்துவிடுகிறது: சரணடைந்த படையினர் ஏற்றிச் செல்லப்பட்ட பின் உள்நாட்டு ஜப்பானியச் சரக்கு தீவுக்கு வர வழியில்லை.

எழுத்தின் திசையும் சான்றாகும். இன்று இடமிருந்து வலமாகக் கிடைநிலையில் எழுதப்படும் ஜப்பானியம், போருக்கு முன் விளம்பரங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. 'லயன்' என்ற பல்பொடிப் பெயர் ஜப்பானிய ஒலிப்பில் ரா-இ-ஓ-ன் என்று நான்கு எழுத்தாகும். பழைய அச்சில் அது இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் ன்-ஓ-இ-ரா என்று தோன்றும். ஜப்பானியம் புதிதாகக் கற்ற மாணவர் அகராதியில் இல்லாத சொல்லைத் தேடிக் களைப்பதற்கு இதுவே காரணம். 1942இல் இடமிருந்து வல எழுத்தைப் பொதுவாக்கும் பரிந்துரை எழுந்து எதிர்ப்பில் அமுங்கியது. போர் முடிந்த பின், 1946 தொடங்கி, நாளிதழ்கள் திசையை மாற்றிக்கொண்டன. எனினும் ஆங்கிலப் பெயரோடு சேர்த்து அச்சிட்ட நவநாகரிகப் பொருள்களில் இடமிருந்து வலம் போருக்கு முன்பே உண்டு. ஒப்பனைப் பொருள்கள் அவ்வகையில் முன்னணியில் இருந்தவை. ஆகவே வலமிருந்து இடம் என்றால் பழையது என்று கொள்ளலாம். இடமிருந்து வலம் என்பதைக் கொண்டு மட்டும் புதியது என்று கொள்ள இயலாது. இரு திசைகளும் சம எடையுள்ள சான்றுகள் அல்ல என்பதை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

எழுத்துருக்களின் கோடுகளை எண்ணுவது அடுத்த வழி. பல்லைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்துக்குப் பழைய வடிவில் 15 கோடுகள். 1949இல் அரசு ஏற்ற எளிய வடிவில் 12. நாட்டைக் குறிக்கும் எழுத்து 11இலிருந்து 8 ஆனது. நாணயமான யென்னைக் குறிப்பது 13இலிருந்து 4 ஆகச் சுருங்கியது. 1978இல் தமிழ்நாட்டு அரசு ணை, லை, னை போன்ற எழுத்துகளின் துதிக்கை வடிவங்களை நீக்கிய மாற்றத்தோடு இதை ஒப்பிடலாம். இரண்டிலும் அதே எச்சரிக்கை பொருந்தும்: கையெழுத்தில் எளிய வடிவம் முன்பே வழங்கியது, வணிகப் பெயர்களில் பழைய வடிவம் பின்னும் நின்றது.

முகவரியின் சான்று இவை எல்லாவற்றையும்விடக் கூரியது. தோக்கியோ 1943 ஜூலை 1 வரை 'ஷி', அதாவது மாநகரம். அன்று அது தன்னைச் சூழ்ந்த மாவட்டத்தோடு இணைக்கப்பட்டு 'தோ', அதாவது பெருநகர ஆட்சிப்பகுதி ஆயிற்று. ஒரே ஓர் எழுத்துதான் மாறியது. ஆனால் அந்த எழுத்து டப்பாவில் தெளிவாக இருந்தால் முன்பா பின்பா என்பது தீர்ந்துவிடும். 'தோ' என்று முகவரியிட்ட டப்பா அந்தமானில் கிடைத்தால், அது 1943 ஜூலைக்குப் பின் செய்யப்பட்டு, கடல்வழி நாளுக்கு நாள் நெருக்கடியாகிக்கொண்டிருந்த வேளையில் தீவை அடைந்தது என்று பொருள். அது அரிய சான்று; வடிவழகு ஒன்றும் இல்லாவிட்டாலும் பாதுகாக்கத் தக்கது. அதுபோலவே நிஹோன்பாஷி, கியோபாஷி வட்டங்கள் 1947 மார்ச்சில் சூவோ வட்டமாக இணைந்தன. ஒப்பனைத் தொழிலின் புகழ்பெற்ற முகவரிகளுள் ஒன்றான கின்சா, கியோபாஷி வட்டத்தில் இருந்தது. சூவோ என்று எழுதிய டப்பா போர்க்காலத்தது அன்று.

பொருளின் தரமும் பேசும். 1940 ஜூலை 7இல் ஜப்பான் ஆடம்பரப் பொருள்களின் உற்பத்தியையும் விற்பனையையும் கட்டுப்படுத்தியது. ஆடம்பரமே பகை என்ற முழக்கம் தெருக்களில் ஒட்டப்பட்டது. 1941இல் உலோகப் பொருள்களை மக்களிடமிருந்து திரட்டும் ஆணை வந்தது. கோயில் மணிகளே உருக்கப்பட்ட நாட்டில் முகப்பூச்சுக்குத் தகரம் கிடைக்குமா? காகிதம், மரம், பீங்கான் ஆகியவை இடம்பிடித்தன. அக்காலப் பீங்கான்களில் உற்பத்தியிடத்தின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன. கிஃபுவுக்கு 'கி', செட்டோவுக்கு 'செ'. ஆகையால் பொன்வண்ண அச்சுடன் கூடிய கனத்த தகர டப்பா ஆக்கிரமிப்பு அடுக்கில் கிடைத்தாலும், அது செய்யப்பட்டது 1940க்கு முன்பாகவே இருக்கும். உரியவர் அதைச் சில ஆண்டு வைத்திருந்து கொண்டுவந்திருப்பார். எண் பொறித்த சிறு பீங்கான் சிமிழ்தான் உண்மையான போர்க்கால ஒப்பனைப் பொருள். சேகரிப்பாளர் பார்வையில் அது மதிப்பற்றது. பெரும்பாலும் அதை யாரும் எடுத்துவைப்பதில்லை.

பிரித்தானிய, அமெரிக்க, இந்திய டப்பாக்களில் கதை வேறு. தமிழ்நாட்டில் 'குட்டிக்கூரா' என்று வீட்டுப் பெயர்போலப் பழகிவிட்ட பவுடர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பாட்டர் மருந்து வேதிப்பொருள் நிறுவனத்தின் சரக்கு. தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் பேணுதலைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த பெயர் அது. தமிழ்ச் செவிக்கோ அதில் ஒரு 'குட்டி' கேட்டது. அவ்வகை டப்பாக்களில் பார்க்க வேண்டியது உலோகம். உலகின் மிகப் பெரிய வெள்ளீய உற்பத்திப் பகுதியான மலாயாவும், அடுத்திருந்த பாங்கா, பெலித்துங் தீவுகளும் 1942 தொடக்கத்தில் ஜப்பானின் கைக்குப் போயின. அந்தமானைப் பிடித்த அதே படையெடுப்பு, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தகர டப்பாவின் வெள்ளீயப் பூச்சை மெலிய வைத்தது. உருகிய வெள்ளீயத்தில் தோய்த்தெடுக்கும் பழைய முறைக்கு மாறாக, மிகக் குறைந்த வெள்ளீயம் போதுமான மின்பூச்சு முறை அமெரிக்காவில் விரைந்து பரவியது. பவுடர் டப்பாக்கள் அட்டைக் குழலாகி, மூடியும் அடியும் மட்டும் உலோகமாயின. பிரித்தானியா 1940இலேயே ஒப்பனைப் பொருள் வழங்கலை வெட்டி, அவ்வாண்டு அக்டோபரில் கொள்முதல் வரியையும் சுமத்தியது. அமெரிக்க அரசு 1942இல் கொண்டுவந்த ஒப்பனைக் கட்டுப்பாட்டைச் சில மாதங்களிலேயே விலக்கிக்கொண்டது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் மனத்தெம்புக்கு உதட்டுச் சாயம் தேவை என்ற வாதம் அங்கு எடுபட்டது.

இதிலிருந்து அந்தமானுக்குப் பொருந்தும் ஒரு முடிவு கிடைக்கிறது. அட்டை உடலும் உலோக மூடியும் கொண்ட மேற்கத்திய பவுடர் டப்பா போர்ட் பிளேரில் கிடைத்தால், 1942 மார்ச்சுக்கு முன் வந்திருக்கும் வாய்ப்பு குறைவு. 1945 அக்டோபரில் திரும்பி வந்த படையோடும் நிர்வாகத்தோடும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். வடிவம் போர்க்காலத்தது, வருகை போருக்குப் பிந்தியது. அதை ஆக்கிரமிப்புக் காலப் பொருளாகக் காட்சிக்கு வைப்பது பிழை.

இந்திய டப்பாக்களில் தகரத்தின் பிறப்பிடமே ஒரு தடயம். ஜாம்ஷெட்பூரின் தகரத்தகட்டு நிறுவனம் 1920இல் தொடங்கியது. அதன் முதன்மை நோக்கம் மண்ணெண்ணெய் டின். டப்பா செய்யும் மெட்டல் பாக்ஸ் நிறுவனம் 1933இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்டது. இணைப்பு மடிப்பின் ஓரத்தில் அதன் பெயர் பொடியெழுத்தில் இருந்தால் கீழெல்லை கிடைத்துவிடும். 1929இல் கொல்கத்தாவில் பிறந்த போரோலின் களிம்பு, போர்க்காலத்தில் கிடைத்த கொள்கலன்களிலெல்லாம் அடைத்து விற்கப்பட்டது என்றும், உறை மாறினாலும் அளவும் தரமும் மாறவில்லை என்ற அறிவிப்பு அதனுடன் தரப்பட்டது என்றும் அதன் நிறுவன வரலாறு சொல்கிறது. தன் தேதியைத் தானே சொல்லும் டப்பா அது. பிற்காலத்தைக் காட்டும் அடையாளங்கள் இன்னும் எளியவை. கிராம் அளவும் நயா பைசாவும் இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின். உற்பத்தி உரிம எண் இருந்தால், மருந்துச் சட்டத்துக்குள் ஒப்பனைப் பொருள்களைக் கொண்டுவந்த 1962 திருத்தத்திற்குப் பின். இலண்டன் முகவரியில் 'டபிள்யூ 1' என எண்ணோடு அஞ்சல் வட்டம் இருந்தால் 1917க்குப் பின்.

தமிழ் அச்சுள்ள டப்பாக்களுக்கு ஒரு சொல். விற்பனை நாடுகளின் பட்டியலில் 'மலாயா' என்றிருப்பதும் 'மலேசியா' என்றிருப்பதும் 1963 செப்டம்பரால் பிரிக்கப்படுகின்றன. ஆங்கில அச்சில் 'சிலோன்' 1972இல் 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று. தமிழ் அச்சோ இரு காலத்திலும் 'இலங்கை' என்றே எழுதியது. ஒரே டப்பாவின் ஆங்கிலப் பக்கம் தேதி தரும் இடத்தில் தமிழ்ப் பக்கம் வாய் திறப்பதில்லை.

இத்தனை சான்றும் எழுத்து எஞ்சியிருந்தால்தான். போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, காற்றில் உப்பு. வெள்ளீயம் இரும்பைக் காப்பது பூச்சு முழுமையாக இருக்கும்வரைதான். ஒரு கீறல் விழுந்ததும், இரும்பு தன்னைவிட மந்தமான அவ்வுலோகத்தோடு ஒட்டியிருப்பதாலேயே இன்னும் விரைவாக அரிக்கப்படுகிறது. வண்ண அச்சு முதலில் போகும். அழுத்திப் பதித்த மேடெழுத்து கடைசிவரை நிற்கும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த ஒரு படம், துருவைத் தேய்த்தெடுக்கும் முயற்சியைவிட மேலானது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்கு ஏற்றவை. டப்பாவுக்கு ஏற்றவை அல்ல. உள்ளே பொடி எஞ்சியிருந்தால் அதைக் கொட்டிவிடக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது. ஜப்பானிய வெண்முகப்பூச்சில் ஈய வெள்ளை கலக்கும் வழக்கம் 1930களில்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. அதனால் அந்தப் பொடி நஞ்சாகவும் இருக்கலாம், தேதியாகவும் இருக்கலாம்.

கைவிடப்பட்ட தேதிதான் இருப்பதில் கடினமானது. சரக்கு வராத தீவில் வெறும் டப்பாவும் உடைமை. ஊசிநூல், தீக்குச்சி, வெற்றிலைச் சுண்ணாம்பு, விதை என்று எதையாவது தாங்கி அது பல ஆண்டு வாழ்ந்திருக்கும். அடியில் ஆணித்துளை, மூடியில் திரி நுழையும் ஓட்டை, உள்ளே சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றைச் சேதம் என்று பதிவேட்டில் எழுதுவது வழக்கம். அவை டப்பாவின் இரண்டாம் வாழ்வின் சான்றுகள். அந்தமானியப் பஞ்ச காலத்தைப் பற்றி முகப்பின் வண்ணப்படத்தைவிட அவை கூடுதலாகச் சொல்லக்கூடும். இதோடு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் சேர்கிறது. தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் கடல்நீர் உள்ளே வந்து தங்கிவிட்டது. கரையோர அடுக்குகள் கலைந்துவிட்ட நிலையில், கடற்கரையில் கண்டெடுத்தது என்ற குறிப்பு மட்டும் உள்ள டப்பா எந்த அடுக்குக்கும் உரியதாகாது.

சட்டமும் துணைக்கு இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி இத்தகைய பொருள் தொல்பொருளாக 100 ஆண்டு நிறைய வேண்டும். 1942இன் டப்பா 2042 வரை சட்டத்தின் கண்ணில் குப்பை. செல்லுலர் சிறை 1979இல் தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று. முன்னர் ராஸ் தீவு எனப்பட்ட நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு அதே ஆண்டு கடற்படையின் பொறுப்புக்கு வந்தது. அவ்வெல்லைகளுக்கு வெளியே எடுத்தவருக்கே பொருள். எடுத்த இடத்தை அவர் எழுதிவைப்பதில்லை.

இனி, யாருடைய டப்பா என்னும் கேள்வி. ஆங்கில எழுத்திருந்தால் துரைசானியுடையது, ஜப்பானிய எழுத்திருந்தால் அதிகாரியின் நினைவுப்பொருள் என்று இரண்டே பெட்டிகளில் எல்லாவற்றையும் அடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. முதலாவதன் குறை வெளிப்படை: போர்ட் பிளேரில் கடை வைத்திருந்தோரும் எழுத்தர்களும் தண்டனை முடிந்து குடியேறியோரின் குடும்பங்களும் பவுடர் வாங்காதவர்கள் என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவதில் சிக்கல் ஆழமானது. ஜப்பானியப் படையினருக்கு ஊர்மக்கள் அனுப்பிய 'இமோன்புகுரோ' என்ற ஆறுதல் பைகளில் பல்பொடி, சோப்பு, துண்டு, கடிதம் முதலியன இருக்கும். எனவே ஆண்கள் மட்டுமே இருந்த முகாமிலும் நறுமண டப்பா இயல்பாகவே கிடைக்கும். தீவைக் கட்டுப்படுத்தியது கடற்படையின் 12ஆம் சிறப்புத் தளப்படை. 1944இல் தரைப்படைப் பிரிவுகளும் சேர்ந்தன. உடன் கிடைக்கும் பாத்திரங்களில் நங்கூரம் இருந்தால் கடற்படை, விண்மீன் இருந்தால் தரைப்படை. படையினருக்கு வழங்கப்பட்ட பால்வினை நோய்த் தடுப்புக் களிம்பும் முகக் களிம்பு என்று தவறாகப் பதிவாகக்கூடியதே.

அக்களிம்பு இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. 1945 அக்டோபரில் அந்தமான் மீட்பின்போது பிரித்தானியப் படைப் புகைப்படக்காரர் எடுத்த ஒரு படம் இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பினாங்கிலிருந்து ஜப்பானியர் வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து படையினரின் பாலியல் தேவைக்கு உட்படுத்திய சீன, மலாயா இளம்பெண்கள் அதில் இருப்பதாக அதன் விளக்கக் குறிப்பு தெரிவிக்கிறது. உலகெங்கும் நூல்களிலும் கட்டுரைகளிலும் மீண்டும் மீண்டும் அச்சாகும் படம் அது. அது அந்தமானில் எடுக்கப்பட்டது என்பது தீவின் போர்க்கால வரலாற்றைப் பேசுவோரிடையே போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை. தீவின் ஆக்கிரமிப்பு வரலாறு செல்லுலர் சிறை, மருத்துவர் திவான் சிங்கின் கொலை, 1944 ஜனவரி 30இல் ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுடப்பட்டது, நேதாஜியின் வருகை என்ற வரிசையிலேயே எழுதப்படுகிறது. அப்பெண்களுக்கு அவ்வரிசையில் இடம் இல்லை.

சொல்லாட்சி இதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ஆறுதல் பையின் பெயரிலும், அப்பெண்களுக்குப் படை சூட்டிய 'இயான்ஃபு' என்ற பெயரிலும் முதலெழுத்து ஒன்றே, தேற்றுதலைக் குறிப்பது. ஆங்கிலம் அதை அப்படியே பெயர்க்க, தமிழில் 'ஆறுதல் பெண்கள்' என்ற தொடர் வந்தது. அனுப்பிவைத்த பல்பொடிப் பையையும் கடத்திவந்த பெண்ணையும் ஒரே வினையால் சுட்டும் அச்சொல், கொடுமையைப் பொட்டலமாகக் கட்டித் தருகிறது. தமிழ் ஆய்வெழுத்தில் 'பாலியல் அடிமைப்படுத்தப்பட்ட பெண்கள்' என்று எழுதுவதே துல்லியம். படையின் இடக்கரடக்கலை மேற்கோள் குறிக்குள் மட்டும் பயன்படுத்தலாம்.

ஒரு பவுடர் டப்பா அப்பெண்கள் இருந்ததற்குச் சான்றாகிவிடாது; அவ்வாறு காட்ட முனைவது வேறொரு கற்பனை. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்று வேறு சான்று இருக்கும்போது, அவர்களை விலக்கிவிட்டு 'அதிகாரியின் நினைவுப்பொருள்' என்று எழுதும் பதிவும் கற்பனையே. பினாங்கில் வாங்கப்பட்ட, ஆங்கில எழுத்துள்ள டப்பா ஒன்று 1943இல் போர்ட் பிளேருக்கு ஒரு பெண்ணின் கையில் வந்திருக்கக்கூடும் என்பதை இன்றைய வகைப்பாடு எதுவும் கணக்கில் கொள்வதில்லை. மலாயாக் கடை முத்திரை, நீரிணைக் குடியேற்ற நாணயத்தில் எழுதிய விலை, பினாங்கு முகவரின் பெயர் என்று ஏதேனும் ஒன்று ஆங்கில டப்பாவின் அடியில் இருந்தால் அதைத் துரைசானியின் பெட்டியில் போடும் முன் நிதானிக்க வேண்டும்.

பதிவேட்டில் செய்யப்பட்ட காலம், வந்த வழி, கைவிடப்பட்ட சூழல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் கீழெல்லையும் மேலெல்லையும், அவற்றுக்கான எழுத்துச் சான்றும் இடம்பெற வேண்டும். பயன்படுத்தியவர் என்ற பத்தியில் எழுத ஒன்றும் இல்லாதபோது அதைக் காலியாகவே விடலாம்.